தேசபக்திப் பாட்டுக்குப் பொருள் சொல்லும்போது செய்யக்கூடாதவை

ஆகஸ்ட் பிறந்தால் எங்கள் ராமநாதபுரம் கடற்கரைப் பள்ளிகளில் சுதந்திர தினப் பாட்டுச் சத்தம் தொடங்கிவிடும். போன வாரம் பாம்பன் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஒத்திகை பார்த்தேன். புதிதாக வேலைக்கு வந்த டீச்சர் ஒருவர் சின்னப் பிள்ளைகளுக்குப் பாரதியார் பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நல்ல குரல், பிள்ளைகள் மேல் பிரியம், எல்லாம் இருந்தது. ஆனால் பொருள் சொல்ல வாயெடுத்ததும், இருபது வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறுகளை வரிசையாகச் செய்தார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ராகம் பிசகுவது, ழகரம் வராதது, சுருதி இறங்குவது பற்றியெல்லாம் நான் பேசப்போவதில்லை. பாடப் பாடச் சரியாகிவிடும். பொருளில் விடும் பிழை அப்படித் தானாகச் சரியாகாது.

பொருளையும் மனப்பாடமாக்குவது

தமிழ்த்தாய் வாழ்த்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மனோன்மணீயம் சுந்தரனார் 1891-இல் எழுதிய நாடகத்தில் வருவது. தினமும் காலையில் பாடுகிறார்கள். "நீராரும் என்றால் நீர் நிறைந்த, உடுத்த என்றால் அணிந்த, நிலமடந்தை என்றால் நிலமாகிய பெண்" என்று கரும்பலகையில் எழுதிப் பத்து முறை சொல்ல வைத்தேன். பிள்ளைகள் கடகடவென்று ஒப்பித்தார்கள். அப்புறம் ஒரு பையனைத் தனியாகக் கூப்பிட்டு, "முதல் வரி என்னப்பா சொல்லுது?" என்றேன். "நீர் யாருங்கன்னு கேக்குது டீச்சர்" என்றான். அவன் காதில் விழுந்தது அதுதான். நான் ஒப்பிக்க வைத்த உரை அவனுக்கு இன்னொரு பாட்டு, அவ்வளவுதான்.

இப்போது ஒரு தாம்பாளத்தில் ஈர மணலைக் குவித்து ராமேஸ்வரம் தீவைச் செய்யச் சொல்கிறேன். சுற்றிலும் தண்ணீர் ஊற்றுவோம். "இந்தத் தீவு எதை உடுத்தியிருக்கு?" என்று கேட்டால் போதும். வடக்கே பெண்கடல் (அலை குறைந்த பாக் விரிகுடா), தெற்கே ஆண்கடல் (அலை மிகுந்த மன்னார் வளைகுடா) என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். அது அவர்கள் வீட்டில் புழங்கும் பேச்சு. ஒரு சிறுமி, "அப்ப புயல் வந்தா சேலை கிழிஞ்சிருமா டீச்சர்?" என்று கேட்டாள். அவள் பாட்டி 1964 புயலில் தனுஷ்கோடியிலிருந்து தப்பி வந்தவர். நான் தயாரித்து வைத்திருந்த எந்த விளக்கமும் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வராது.

எதிரியைக் காட்டிப் பொருள் சொல்வது

இதைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் என்னைக் கோபப்படுத்துவது இதுதான்.

"சிங்களத் தீவினுக்கோர் பாலம் அமைப்போம், சேதுவை மேடுறுத்தி வீதி சமைப்போம்." வேறு ஊர்ப் பிள்ளைகளுக்கு இது புத்தகத்தில் இருக்கும் ஒரு வரி. எங்கள் பிள்ளைகளுக்கு அப்படியில்லை. கடலுக்குப் போன அப்பா இரவில் திரும்பவில்லை என்றால் வீட்டில் முதலில் பேசப்படுவது அந்தத் தீவான இலங்கையின் பெயர்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம். என் வகுப்பில் ஒரு பையனின் அப்பா எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அக்கரைச் சிறையில் இருந்தார். அவன் எழுந்து, "நம்மளப் பிடிக்கிறவங்களுக்கு எதுக்கு டீச்சர் பாலம்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். "நாம பெரிய நாடாகி, பாலம் போட்டு, அங்க போய் ஏன்டா பிடிச்சீங்கன்னு கேப்போம், அதைத்தான் பாரதியார் பாடுறார்" என்று சொன்னேன். வகுப்பே கைதட்டியது. எனக்கும் பெருமையாக இருந்தது.

அதே வகுப்பில் மூன்றாவது வரிசையில் மண்டபம் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமிலிருந்து வரும் சிறுமி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பெயர் கூப்பிட்டால் "ஓம் டீச்சர்" என்பாள். பாட்டில் அவள் குரல்தான் எடுப்பு. மதிய இடைவேளையில் பையன்கள் நேவி விளையாட்டு, அதாவது கடற்படை ஆளைப் பிடிக்கிற மாதிரி, விளையாடியிருக்கிறார்கள். அவளைச் சிங்களத்துக்காரி என்று வைத்து, கிழிந்த வலைத்துண்டைத் தலையில் போட்டு இழுத்திருக்கிறார்கள். நான் மணி அடித்து வெளியே வந்தபோது அவள் வேப்பமரத்தடியில் நின்று, தலைமுடியில் சிக்கிய நைலான் நூலை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

நான்கு நாள் வரவில்லை. முகாமுக்குப் போனேன். அவள் அம்மா என்னைத் திட்டவில்லை. "நாங்கள் தீடையில ஒரு ராவும் பகலும் கிடந்து வந்தனாங்கள், டீச்சர்" என்று மட்டும் சொன்னார். அந்தத் தீடை, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கடலில் தலைகாட்டும் அந்த மணல் திட்டுதான், பாட்டில் வரும் சேது. பாலம் போடுவோம் என்று பாரதியார் பாடிய அதே மணலில் இரண்டு கைக்குழந்தைகளோடு அந்தப் பெண் படகுக்குக் காத்துக் கிடந்திருக்கிறார். அவருடைய பிள்ளையை என் வகுப்பில் எதிரியாக்கினேன். சிறுமி திரும்பப் பள்ளிக்கு வந்தாள். பாட்டு வரிசையில் மட்டும் அதற்கப்புறம் ஒருநாளும் நிற்கவில்லை.

நான் பாட்டை முழுதாகப் படித்திருந்தால் இது நடந்திருக்காது. அந்தப் பாட்டில் அக்கரையோடு சண்டை போடும் பேச்சே கிடையாது. கங்கைக்கரைக் கோதுமைக்குக் காவிரிக்கரை வெற்றிலையை மாற்றிக்கொள்வோம் என்கிறது. சிந்து நதியில் சேர நாட்டுப் பெண்களோடு, தெலுங்கில் பாட்டிசைத்துத் தோணி ஓட்டுவோம் என்கிறது. இந்த வரிகளெல்லாம் கொடுக்கல் வாங்கல், போக்குவரத்து. பாலம் மட்டும் எப்படிப் படையெடுப்பாகும்? 1964 வரை தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போய்வந்தது. ரயிலில் வந்து இறங்கிக் கப்பல் ஏறிய தாத்தாக்களின் கதை இன்னமும் பல வீடுகளில் இருக்கிறது.

இந்தத் தவறு திரும்பத் திரும்ப நடப்பதற்குக் காரணம் உண்டு. எதிரி என்று சொன்னால் பிள்ளைகள் உடனே நிமிர்ந்து உட்காருவார்கள், கைதட்டு கிடைக்கும், பொருள் சொல்லியாகிவிட்டது என்று நமக்கும் திருப்தியாக இருக்கும். நாடு என்றால் என்ன என்று ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்வது கடினம். யாரை வெறுப்பது என்று சொல்வது சுலபம். அந்தச் சுலபத்துக்குப் போகாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

இப்போது அந்த வரி வந்தால் நான் விளக்கம் சொல்வதில்லை. கேள்விதான். அக்கரையில் யார் யாருக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்? பாலம் இருந்தால் நீ என்ன கொண்டுபோவாய், என்ன வாங்கி வருவாய்? கருவாடு, பனங்கிழங்கு, தேயிலை என்று அடுக்குவார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் இன்னொரு பையன், அவன் அப்பாவும் அப்போது அக்கரைச் சிறையில்தான். "பாலம் இருந்தா அப்பாவைப் பாத்துட்டு சாயங்காலமே வந்துரலாம்" என்றான். வகுப்பில் யாரும் கைதட்டவில்லை. பக்கத்துப் பையன் அவன் தோளில் கை போட்டுக்கொண்டான்.

பாட்டில் இருக்கும் கொடியும் நம் கொடியும்

"தாயின் மணிக்கொடி" பாடும்போது மூவர்ணக் கொடியைக் காட்டி, இதுதான் அது என்கிறோம். இல்லை. பாரதியார் இறந்தது 1921. இன்றைய கொடியை அரசியல் நிர்ணய சபை ஏற்றது 1947 ஜூலை 22. பாட்டின் கொடி சிவப்புப் பட்டு. நடுவில் வந்தே மாதரம், ஒரு பக்கம் இந்திரனின் வச்சிரம், இன்னொரு பக்கம் இளம்பிறை. வரியைப் படித்து அதை வரையச் சொல்லுங்கள். கீழக்கரையில் ஒரு பிள்ளை, "எங்க பள்ளிவாசல் பிறை டீச்சர்!" என்று கத்தினாள். நம் கொடியைக் காட்டியிருந்தால் அவள் கண்ணில் அந்தப் பிறை படாமலே போயிருக்கும்.

"ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம்" என்பதும் இப்படித்தான். விடுதலைக்குப் பிறகு பாடியது என்று சொல்லிவிடாதீர்கள். வராத விடுதலையை வந்ததாகவே பாடியிருக்கிறார். பிறந்தநாளுக்கு முந்தின நாளே புதுச்சட்டையைப் போட்டுப் பார்க்கும் பிள்ளைக்கு இது சட்டென்று புரியும்.

ஜன கண மன

தாகூர் வங்கத்தில் எழுதியது, அதனால் பொருள் வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். "உச்சல ஜலதி தரங்க" என்றால் பொங்கியெழும் கடலலை. ஆண்கடலைக் காட்டுங்கள்.

முத்துக் குளிப்பது

பாலம் வரும் அதே பாட்டில் "முத்துக் குளிப்பதொரு தென்கடலிலே" என்றும் வருகிறது. அதற்குப் படம் காட்ட வேண்டாம். சங்கு குளிக்கிறவர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து வாருங்கள்.

பொம்மைத் துப்பாக்கி

பாட்டுக்கு நடிக்கும் பிள்ளைகள் கையில் கூடாது.

எப்போது தொடங்குவது

ஆகஸ்ட் பத்தாம் தேதி தொடங்கினால் ஒப்பிக்க வைக்கத்தான் நேரம் இருக்கும். பள்ளி திறந்த முதல் வாரமே தொடங்குங்கள். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை இருப்பதால் விசைப்படகில் போகும் அப்பாக்கள் பலர் அப்போது கரையில்தான் இருப்பார்கள். ஒருவரைக் கூப்பிட்டுத் தீடையைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். அப்புறம் வாரம் ஒரு வரி.