எழுதப் படிக்கத் தெரியாத பெரியவருக்கு வீட்டிலேயே தமிழ் கற்பிக்க

கற்க வயது ஒரு தடையில்லை என்று மேடையில் சொல்லிவிடலாம். அறுபது வயது அம்மாவின் கையில் பலப்பத்தைக் கொடுத்துவிட்டு முதலில் எதை எழுதச் சொல்வது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அ, ஆ, இ, ஈ என்று தொடங்குவார்கள். ஒரு வாரத்தில் ஔ வரை வந்துவிடும், ஆனால் படிக்க ஒரு சொல்கூட இருக்காது. "இந்த வயசுல எனக்கு எங்க மண்டையில ஏறப்போகுது" என்று சிலேட்டு பரணுக்குப் போய்விடும்.

அம்மாவுக்குத் தமிழ் தெரியும், எழுத்துதான் தெரியாது. ஐந்து வயதுக் குழந்தையைவிட அவரிடம் பல மடங்கு சொல் இருக்கிறது. பாடம் அந்தச் சொற்களிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் கண். நாற்பதைத் தாண்டினால் பெரும்பாலும் வெள்ளெழுத்து வந்துவிடும். கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிந்தால் எழுத்து மனத்தில் நிற்காது. அதை மறதி என்று நினைத்து அவரே மனம் விட்டுவிடுவார். ஊசியில் நூல் கோக்கப் பேரப்பிள்ளையைக் கூப்பிடுகிறாரா என்று கவனியுங்கள். கூப்பிடுகிறார் என்றால், பாடம் தொடங்கும் முன் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். கண்புரை இருந்தாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்து கை. அரிவாளும் மண்வெட்டியும் பிடித்த கை பென்சிலை இறுக்கிப் பிடிக்கும். முனை ஒடியும், தாள் கிழியும், மணிக்கட்டு வலிக்கும். அதனால் முதல் மூன்று, நான்கு வாரங்களுக்குச் சிலேட்டும் பலப்பமும் போதும். எழுத்து இரண்டு அங்குல உயரத்துக்குப் பெரிதாக வரட்டும். சிலேட்டில் இன்னொரு வசதி, தப்பைத் துடைத்துவிடலாம், அக்கம்பக்கத்தார் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. பெரியவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. நோட்டுக்கு மாறும்போது 2பி பென்சிலும் அகலக் கோடு போட்ட நோட்டும் கொடுங்கள். பேனா வழுக்கும், அது பிறகு.

நேரம் நாற்பது நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள். முதல் பத்து நிமிடம் நேற்றுப் படித்தது, அடுத்த பதினைந்து நிமிடம் புதிது, மீதி நேரம் எழுதுவது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும். மாலை விளக்கு வைக்கும் நேரம் தோதானது. யார் சொல்லிக்கொடுப்பது என்பதும் முக்கியம். பேத்தி சொன்னால் பாட்டி சிரித்துக்கொண்டே கேட்பார். அதையே மருமகள் சொன்னால் சில வீடுகளில் வேறு மாதிரி போகும்.

எழுத்து வரிசைக்கு வருவோம். தமிழில் 247 எழுத்து என்பதை அவரிடம் சொல்லவே வேண்டாம். அடிப்படை வடிவங்களும் குறிகளும் பிடிபட்டால் மற்றவை கூட்டல் கணக்குதான். பெரும்பாலும் நேர்கோட்டில் வரும் ட, ப, ம, ர நான்கோடு துணைக்காலும் புள்ளியும் சேர்த்துத் தொடங்குங்கள். இந்த ஆறு வடிவங்களிலேயே படம், மரம், பாரம், பாடம், மாடம், மாமா, மாமரம், பட்டம், பட்டா என்று இத்தனை சொல் கிடைக்கிறது. பட்டா என்ற சொல்லைத் தானே வாசித்துவிட்டால் அவர் நிமிர்ந்து உட்காருவார். அதற்காக எத்தனை முறை வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடந்திருப்பார்!

இரண்டாம் கட்டத்தில் க, த, ந, வ, ல. கல், கடல், பால், தாத்தா, வாரம், தகரம். பிறகு இகரக் குறிகள்: பாட்டி, தம்பி, மாமி. உயிரெழுத்தைத் தனிப்பாடமாக நடத்தாமல் சொல்லோடு கொண்டுவாருங்கள். அ அம்மாவில் வரட்டும், ஆ ஆற்றிலோ ஆட்டிலோ வரட்டும். இரண்டு சுழி ன, மூன்று சுழி ண, ல-ள-ழ, ர-ற வேறுபாடுகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள். 'பளம்' என்று எழுதினால் அவர் பேசுவதை எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். அதே போல 'பாலு', 'கல்லு' என்றும் எழுதுவார். தொடக்கத்தில் திருத்தாதீர்கள். வாசிக்கும்போது அச்சில் இருப்பதைப் பார்த்துப் பார்த்துத் தானே சரியாகும்.

சிக்கல் வருவது கொம்பில். 'வேலை' என்ற சொல்லில் இரட்டைக்கொம்பு வ-வுக்கு முன்னால் நிற்கிறது, ஆனால் அதன் ஓசை வ-வுக்குப் பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாகப் பழகியவர் "ஏ... வ..." என்று பிரித்து வாசித்து நின்றுவிடுவார். இலக்கணம் விளக்கினால் குழப்பம் கூடும். 'வே' என்பதை ஒரே உருவமாக ஓர் அட்டையில் எழுதி, கே, தே, பே, மே என்று வரிசையாகக் காட்டி ஒரே மூச்சில் சொல்லச் சொல்லுங்கள். ஒரு சுழி என்றால் குறில், இரண்டு சுழி என்றால் நெடில் என்பதை மட்டும் விரல் வைத்துக் காட்டினால் போதும்.

உகரத்தையும் கடைசியில் வையுங்கள், அதற்குக் காரணம் உண்டு. துணைக்கால் எல்லா எழுத்துக்கும் ஒரே மாதிரி, உகரம் அப்படியில்லை. சு, பு, வு மூன்றிலும் கீழே ஒரு கோடு இறங்குகிறது. டு, மு, ரு, ளு ஆகியவை வளைந்து சுற்றிக்கொள்கின்றன. து, நு, லு, று, னு வேறொரு வால் பிடிக்கின்றன. கு யாரோடும் சேராது. அதனால் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒரு நாளுக்கு ஒரு கூட்டம் மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

ஒரே ப-வுக்கு இரண்டு ஓசை இருக்கிறதே என்று கவலை வேண்டாம். 'பாம்பு' என்ற சொல்லில் முதல் ப ஒரு மாதிரி, இரண்டாவது வேறு மாதிரி ஒலிக்கிறது. தமிழ் பேசுகிறவர் வாய் அதைத் தானாகச் செய்துவிடும்.

சின்ன வயதில் இரண்டாம், மூன்றாம் வகுப்போடு நின்றவர் என்றால் இன்னொன்றைக் கவனியுங்கள். ணை, லை, ளை, னை, ணா, றா, னா போன்ற எழுத்துகளை அவர் பழைய வடிவத்தில் எழுதக்கூடும். 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தும் முன் பள்ளியில் இருந்த வடிவங்கள் அவை. "தப்பு" என்று அடிக்காமல், இப்போது இப்படி மாற்றிவிட்டார்கள் என்று பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

படிக்கப் புத்தகம் தேட வேண்டாம். ரூபாய் நோட்டின் பின்பக்கம் மொழிகளின் வரிசையில் கீழிருந்து மூன்றாவது தமிழ். எண் அவருக்கு முன்பே தெரியும், இப்போது 'பத்து', 'நூறு' என்று எழுத்தில் தேடச் சொல்லுங்கள். பேருந்தின் ஊர்ப் பலகை, ரேஷன் அட்டையில் குடும்பத்தார் பெயர், கல்யாணப் பத்திரிகை எல்லாமே பாடம்தான். பத்திரிகையில் தெரிந்த பெயர்கள் நிறைய இருப்பதால் ஊகித்து வாசிப்பார், ஊகமும் வாசிப்பின் ஒரு பகுதியே. மருந்துச் சீட்டை மட்டும் விட்டுவிடுங்கள், அது பெரும்பாலும் ஆங்கிலம்.

கையெழுத்துப் போடக் கற்றுக்கொடு என்று முதல் வாரமே கேட்பார். கொடுங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். பெயரைப் படம் போல வரையத் தெரிந்து, அதில் ஓர் எழுத்தைத் தனியே காட்டினால் தெரியாமல் நிற்பவர்கள் ஏராளம். கைநாட்டை மாற்றி வங்கியில் மாதிரிக் கையெழுத்து கொடுக்கவும் அவசரம் வேண்டாம். நாலைந்து நாள் இடைவெளி விட்டுப் போட்ட கையெழுத்துகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே மாதிரி விழுந்த பிறகு போகலாம். இல்லாவிட்டால் பணம் எடுக்கும் படிவம் திரும்பி வரும், அந்த அவமானத்தில் பழையபடி மை தொட்டுக்கொள்வார்.

முடியுமா என்ற சந்தேகத்துக்குப் பக்கத்து மாநிலத்திலேயே பதில் இருக்கிறது. கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மா 2018-இல், 96 வயதில், எழுத்தறிவுத் தேர்வில் 100-க்கு 98 எடுத்தார். நம் ஊரில் 1991 வாக்கில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் சேர்த்துக் கற்றார்கள்.

சான்றிதழ் வேண்டும் என்றால் அருகிலுள்ள அரசுத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியரைக் கேளுங்கள். 15 வயதுக்கு மேற்பட்டோருக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் நடக்கிறது, தன்னார்வலர்கள் கற்பிக்கிறார்கள். தேர்வு 150 மதிப்பெண்: வாசிப்பு, எழுத்து, எண்ணறிவு ஒவ்வொன்றுக்கும் 50. அதற்கு மேலும் போக ஆசைப்பட்டால் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். பத்தாம் வகுப்புக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளியும் இருக்கிறது, அங்கே வயதுக்கு மேல்வரம்பு கிடையாது. விண்ணப்பத்தில் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். ஆதாரில் பிழை இருந்தால் முதலில் அதைத் திருத்திவிட்டு விண்ணப்பியுங்கள்.