"புரிந்ததா?" என்ற கேள்வியைக் கைவிடுங்கள்: கல்லூரி வகுப்பில் மாணவரைப் பங்கேற்க வைக்கும் முறை

பாடம் முடியும் தறுவாயில் ஆசிரியர் "புரிந்ததா?" என்று கேட்பதும், வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் "புரியுது சார்" என்று பதில் சொல்வதும் நம் கலை அறிவியல் கல்லூரிகளில் அன்றாடம் நடக்கும் சடங்கு. முதலாமாண்டு பொருளியல் வகுப்புக்கு நான் முதன்முதலாகப் பாடம் எடுத்த பருவத்தில் இந்தப் பதிலை நம்பித்தான் ஒவ்வொரு நாளும் வகுப்பறையை விட்டு வெளியேறினேன். முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வின் விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தபோதுதான், விலை மாறுவதால் தேவைக்கோட்டின் (ஒவ்வொரு விலையிலும் மக்கள் எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் கோடு) மேல் ஏற்படும் நகர்வுக்கும், வேறு காரணங்களால் கோடே இடம்பெயர்வதற்கும் உள்ள வேறுபாட்டைப் பாதிக்கும் மேற்பட்டோர் ஒரே மாதிரியாகக் குழப்பியிருந்தது தெரிந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. தமக்குப் புரியவில்லை என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பை என் வகுப்பு அவர்களுக்குத் தரவில்லை.

வகுப்பில் ஈடுபாட்டை உண்டாக்குவது என்றதும் விளையாட்டு, காணொளி, நகைச்சுவை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இந்தக் கட்டுரையில் ஈடுபாடு என்று நான் குறிப்பிடுவது இன்னும் எளிய ஒன்றை: ஒரு மணி நேர வகுப்பில் ஒவ்வொரு மாணவரும் இரண்டு மூன்று முறையாவது ஒரு விடையைத் தாமே முடிவுசெய்து வெளிப்படுத்த வேண்டும், அந்த விடையை ஆசிரியர் பார்க்க வேண்டும், பார்த்ததற்கேற்ப அடுத்துச் சொல்ல வேண்டியதை மாற்றிக்கொள்ள வேண்டும். இதற்குத் திரையோ செயலியோ தேவையில்லை. கரும்பலகையும் மாணவர்களின் விரல்களும் போதும்.

இந்த முறையின் அடிப்படை புதிதன்று. ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர், தம் மாணவர்கள் கணக்குகளைப் பிழையின்றிப் போட்டாலும் நியூட்டன் விதிகளைப் பற்றிய எளிய கேள்விகளில் தடுமாறுவதைக் கண்டு, 1990களின் தொடக்கத்தில் விரிவுரையை இடையிடையே நிறுத்தி, ஒரு கேள்வி கேட்டு, மாணவர்களைத் தமக்குள் விவாதிக்க வைக்கத் தொடங்கினார். 2014இல் அமெரிக்காவில் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. வெறும் விரிவுரை நடந்த வகுப்புகளில் தேர்ச்சி பெறாதோர் சராசரியாக 33.8 விழுக்காடு; மாணவர் பங்கேற்புடன் நடந்த வகுப்புகளில் 21.8 விழுக்காடு. அரியர் சுமையுடன் போராடும் மாணவர்களைத் தினமும் பார்க்கும் நமக்கு இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்று விளக்க வேண்டியதில்லை.

ஒரு கேள்வியை எப்படி நடத்துவது

2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியதும், அரசு நியாயவிலைக் கடைகள் வழியாகக் கிலோ 60 ரூபாய்க்கு விற்கத் தொடங்கியதும் நினைவிருக்கும். என் வகுப்பில் அதைத்தான் எடுத்துக்கொள்கிறேன். "வரத்துக் குறைந்து தக்காளி விலை ஏறியது, மக்கள் வாங்கும் அளவைக் குறைத்துக்கொண்டார்கள். தக்காளியின் தேவைக்கோட்டுக்கு என்ன நேர்ந்தது?" என்று பலகையில் எழுதி, கீழே மூன்று விடைகளைத் தருகிறேன்: ஒன்று, இடப்பக்கம் இடம்பெயர்ந்தது, இரண்டு, வலப்பக்கம் இடம்பெயர்ந்தது, மூன்று, இருந்த இடத்திலேயே இருந்தது.

முதல் ஒரு நிமிடம் யாரும் பேசக்கூடாது; ஒவ்வொருவரும் தம் விடையின் எண்ணை நோட்டின் ஓரத்தில் எழுத வேண்டும். பிறகு நான் சொல்லும்போது அனைவரும் ஒரே நேரத்தில், பக்கத்தில் இருப்பவர் கண்ணில் படாதபடி நெஞ்சை ஒட்டி, விரல்களால் எண்ணைக் காட்ட வேண்டும். கையை உயர்த்தச் சொன்னால் முதல் பெஞ்சில் நன்றாகப் படிக்கும் மாணவி எதைக் காட்டுகிறாரோ அதையே வகுப்பு முழுதும் காட்டும். நெஞ்சருகே காட்டும் விரல் எனக்கு மட்டுமே தெரியும்.

ஒரு பார்வையில் தோராயமாக எண்ணிவிடலாம். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானோர் சரியான விடையைக் காட்டினால் பாடம் போய்ச் சேரவில்லை என்று பொருள். வேறு எடுத்துக்காட்டோடு மறுபடி விளக்க வேண்டும். நான்கில் மூன்று பங்கினர் சரியாகக் காட்டினால் காரணத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகரலாம். இடைப்பட்ட நிலைதான் பொன்னான நேரம். அப்போது சரியான விடை எது என்பதைச் சொல்லாமலும், முகக்குறிப்பில்கூடக் காட்டாமலும், "வேறு விடை காட்டிய ஒருவரைப் பெஞ்சிலேயே தேடிப் பிடித்து, உங்கள் காரணத்தைச் சொல்லுங்கள், இரண்டு நிமிடம்" என்று விட்டுவிட வேண்டும்.

அந்த இரண்டு நிமிடங்களில் வகுப்புக்குள் நடந்தால் கேட்கக் கிடைப்பவை எந்தப் பாடநூலிலும் இல்லாதவை. "எங்க அம்மா ரெண்டு கிலோ வாங்குற இடத்துல அரைக் கிலோதான் வாங்கினாங்க, அப்ப தேவை குறைஞ்சிருச்சுல்ல?" என்று ஒருவர் கேட்கிறார். "விலை இறங்கினா மறுபடி ரெண்டு கிலோ வாங்குவாங்கல்ல? அப்ப வாங்குற எண்ணம் மாறலையே, விலைதானே தடுத்துச்சு" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்கிறார். மூன்றாவது விடைதான் சரி: கோடு இருந்த இடத்திலேயே இருந்தது, அதன் மேல் வாங்கும் அளவுதான் குறைந்தது. தேவைக்கும் (கோடு முழுவதும்) தேவைப்படும் அளவுக்கும் (ஒரு விலையில் வாங்கும் அளவு) உள்ள வேறுபாட்டை நான் அரை மணி நேரம் விளக்கியும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. சற்று முன்னர்தான் அதைக் கற்றுக்கொண்ட ஒருவருக்கு, அடுத்தவர் எங்கே இடறுகிறார் என்பது தெரிகிறது. இருபது ஆண்டுகளாக அதைச் சொல்லிக்கொண்டிருக்கும் நமக்கு மறந்துவிடுகிறது.

பேச்சு ஓய்வதற்குச் சற்று முன்பே நிறுத்தி, மீண்டும் விரல் காட்டச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் விடைகள் சரியான பக்கம் திரும்பியிருக்கும். அதன் பிறகு ஆசிரியர் விளக்கம் தருவது மிக முக்கியம்; தவறான விடை ஏன் சரிபோலத் தோன்றுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நேரம் இருந்தால் நியாயவிலைக் கடையின் 60 ரூபாய்க்கு வரலாம்: சந்தை விலைக்கும் அந்த விலைக்கும் இடையிலான வேறுபாட்டை யார் ஏற்கிறார், வரிசை ஏன் நீள்கிறது என்று கேட்டால் அடுத்த பாடத்துக்கான வாசல் திறந்துவிடும்.

இந்த முறை வெற்றிபெறுவதும் தோற்பதும் கேள்வியின் தரத்தைப் பொறுத்தது. வரையறையைக் கேட்கும் வினா பயன்படாது. மனப்பாடம் செய்தவர் விடை சொல்வார், மற்றவர் பேசாமல் இருப்பார், விவாதிக்க ஒன்றும் இராது. தவறான விடைகளை நாமாக இட்டுக்கட்டினாலும் பயனில்லை. அவை மாணவர்கள் உண்மையில் செய்யும் பிழைகளாக இருக்க வேண்டும். ஆகவே உள்மதிப்பீட்டு விடைத்தாள் திருத்தும்போது பக்கத்தில் ஒரு சிறு நோட்டை வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப வரும் பிழையை மாணவர் எழுதிய சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பருவங்களில் ஒரு பாடத்துக்குப் போதுமான வினாக்கள் சேர்ந்துவிடும். எனக்குத் தெரிந்தவரை விடைத்தாள் திருத்துவதில் உள்ள ஒரே ஆறுதல் இதுதான்.

மௌனம், பெயர், மொழி

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களில் பள்ளி அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் ஒரு கேள்வியைக் கேட்டபின் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று விநாடிகளுக்கு நீட்டினால் விடைகள் நீள்கின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்றும் கண்டார். மூன்று விநாடி என்பது கேட்கச் சிறியது. மேடையில் நிற்பவருக்கு அது ஒரு யுகம். கேள்வி கேட்டவுடன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடிப்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன். மூடியைத் திருகி மூடுவதற்குள் யாராவது வாய் திறந்துவிடுகிறார்கள்.

பெயரைச் சொல்லி எழுப்புவதில் கவனம் வேண்டும். முதலில் பெயரைச் சொல்லிப் பிறகு கேள்வி கேட்டால், பெயர் வராத மற்ற எல்லோரும் அந்த நொடியே நிம்மதியாகிவிடுவார்கள். கேள்வியை முதலில் கேட்டு, சிந்திக்க விட்டு, பெஞ்சில் பேச விட்டு, அதன் பிறகே பெயரைச் சொல்ல வேண்டும், அதுவும் "நீங்கள் சொல்லுங்கள்" என்பதைவிட "உங்கள் பெஞ்சில் என்ன பேசிக்கொண்டீர்கள்?" என்று கேட்பது நல்லது. விடை தவறானால் அவமானம் ஒருவர் தலையில் விழாது. மாணவரும் மாணவியரும் தனித்தனி வரிசைகளில் அமரும் கல்லூரிகளில், ஈடுபாட்டின் பெயரால் முதல் நாளே இருக்கைகளைக் கலைக்க வேண்டாம். அருகில் உள்ளவரோடு பேசுவதே முதல் மாதத்துக்குப் போதும்.

மொழியைப் பற்றித் தயங்காமல் சொல்லிவிடுகிறேன். தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்து ஆங்கில வழி வகுப்பில் வந்து அமரும் மாணவர், விடை தெரியாததால் அமைதியாக இருப்பதைவிட, ஆங்கிலத்தில் தொடங்கினால் நடுவில் நின்றுவிடுவோம் என்ற அச்சத்தால் அமைதியாக இருப்பதே அதிகம். விவாதம் தமிழிலேயே நடக்கட்டும்; எண்ணம் தெளிந்த பிறகு தேர்வுக்கு எழுத வேண்டிய இரண்டு வாக்கியங்களைப் பெஞ்சில் உள்ள மூவரும் சேர்ந்து ஆங்கிலத்தில் எழுதட்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டால் இரண்டும் கிடைக்காது.

நேரத்துக்கு எங்கே போவது

ஐந்து யூனிட்டுகளை ஒரு பருவத்தில் முடிக்க வேண்டிய நெருக்கடியில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று உடன்பணியாற்றுவோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நோட்ஸ் சொல்லி எழுத வைப்பதை நிறுத்தியதில்தான் எனக்கு நேரம் கிடைத்தது. ஒரு பக்கக் குறிப்பைச் சொல்லி எழுத வைப்பதில் வகுப்பின் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அந்தக் குறிப்பை முந்தைய நாளே வாட்ஸப் குழுவில் அனுப்பிவிடலாம், நகலெடுக்கும் கடையில் ஒரு பிரதி வைத்துவிடலாம். வருகைப் பதிவுக்குப் போகும் ஐந்து நிமிடங்களையும் மீட்கலாம்: வகுப்புக்குள் நுழைந்ததும் சென்ற வாரப் பாடத்திலிருந்து இரண்டு வினாக்களைப் பலகையில் எழுதிவிட்டு, நோட்டைத் திறக்காமல் மாணவர்கள் விடை எழுதும்போதே பெயர்களைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

இது நேரம் கடத்தும் வேலையன்று. ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். பருவத் தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. இந்த இரு வினாக்களுக்கும் விரல் விடைகளுக்கும் மதிப்பெண் தர வேண்டாம். மதிப்பெண் நுழைந்த மறுகணம் மாணவர் தம் எண்ணத்தை விட்டுவிட்டு அடுத்தவர் எண்ணைப் பார்க்கத் தொடங்குவார்.

வகுப்பு முடியும் முன் கடைசி இரண்டு நிமிடத்தில், பெயர் எழுதாத ஒரு துண்டுத் தாளில் "இன்று எது தெளிவாகவில்லை?" என்பதற்கு ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அறுபது தாள்களைப் பேருந்தில் போகும்போதே புரட்டிவிடலாம். அடுத்த வகுப்பை அவற்றில் அதிகம் வந்த ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். தொடங்காவிட்டால் மூன்றாம் வாரம் வெறுந்தாள்கள்தான் வரும்.

முதல் மாதத்தில் "சார் பாடமே நடத்துறதில்ல, எங்களையே பேசச் சொல்றார்" என்ற புகார் துறைத்தலைவரிடம் போகக்கூடும். 2019இல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஓர் ஆய்விலும் இதுவே தெரிந்தது: பங்கேற்பு வகுப்பில் மாணவர்கள் அதிகம் கற்றிருந்தும், சரளமான விரிவுரை கேட்டபோதே அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். ஆகவே ஏன் இப்படி நடத்துகிறோம் என்பதைப் பருவத்தின் முதல் நாளே மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள்; துறைத்தலைவரிடமும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

எல்லா வகுப்புகளிலும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். ஒரு வகுப்பு, வாரத்துக்கு இரண்டு கேள்வி என்று தொடங்குங்கள். நம்பிக்கையான உடன்பணியாளர் ஒருவரைக் கடைசிப் பெஞ்சில் அமர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கற்பித்தலைப் பற்றி அவர் கருத்துச் சொல்ல வேண்டியதில்லை, வருகைப் பட்டியலின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த மணி நேரத்தில் ஒரு முறையேனும் பேசியவர் அல்லது எழுதியவர் பெயருக்கு எதிரே புள்ளி வைத்தால் போதும். புள்ளி விழாத பெயர்கள் எந்த வரிசைகளில் இருக்கின்றன என்று பார்த்து, அடுத்த வகுப்பில் இரண்டு நிமிட விவாதத்தின்போது நீங்கள் போய் நிற்க வேண்டிய இடத்தை முடிவுசெய்யலாம்.