ஓடைக்கரைத் தாவரங்களைக் கணினி மாடலில் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் போட்ட உரமும், சரிவில் அரித்த மண்ணும் ஓடைக்குப் போய்ச் சேருமுன் கரையிலுள்ள புல்லும் புதரும் மரமும் அதில் எவ்வளவைப் பிடித்து நிறுத்தும்? இதற்கு விடை தேடும் பலர் முதலில் திறப்பது, ஒரு வடிநிலத்தில் நீரும் மண்ணும் உரமும் எப்படி ஓடும் என்று கணக்கிடும் ஸ்வாட் (SWAT) என்ற கணினி மாடலை. அதன் பழைய பதிப்புகளில் இதற்கு ஒரே ஒரு சூத்திரம்தான். ஓடைக்கரை நெடுகச் செடி கொடி நிற்கும் நிலப்பட்டையின் அகலத்தை மீட்டரில் எடுத்து, அதன் 0.2967 அடுக்கை 0.367 ஆல் பெருக்க வேண்டும். 5 மீட்டருக்கு 59 சதவீதம் பிடிபடும் என்று வரும், 10 மீட்டருக்கு 73. 30 மீட்டர் கொடுத்துப் பாருங்கள், 100 சதவீதத்தைத் தாண்டிவிடும்!

சரிவு எவ்வளவு, மண் களியா மணலா, மழை தூறலா கொட்டலா என்றெல்லாம் இந்தச் சூத்திரம் கேட்பதே இல்லை. வண்டலுக்கும் நைட்ரேட்டுக்கும் பூச்சிமருந்துக்கும் ஒரே எண். சேர்வராயன் மலைச் சரிவுக்கும் ஓமலூர்ப் பக்கத்துச் சமவெளிக்கும் அதே எண். அதை அப்படியே எடுத்து "10 மீட்டர் நட்டால் 73 சதவீதம் மாசு குறையும்" என்று அறிக்கையில் எழுதுவதுதான் முதல் தவறு.

இதைவிடப் பெரிய தவறு, தண்ணீர் பட்டை முழுக்கப் பாய் விரித்தாற்போல் பரவி வரும் என்று நம்புவது. மலைத் தோட்டத்தில் அப்படி வருவது அபூர்வம். ஜீப் போகும் மண்பாதையின் டயர்த் தடத்தில் சேரும், பாதையோர வாய்க்காலில் இறங்கும், பாதைக்கு அடியிலுள்ள சிறுபாலக் குழாய் வழியாக நேரே ஓடையில் கொட்டும். மழை விட்ட மறுநாள் கரையோரம் நடந்தால் இது கண்ணுக்கே தெரியும். சில இடங்களில் புல் ஓடையை நோக்கி ஒரே பக்கமாகப் படுத்திருக்கும், சில்வர் ஓக் சருகு வரிவரியாக ஒதுங்கியிருக்கும், நடுவே செம்மண் அறுத்த ஒரு முழ அகலத் தடம் இருக்கும். அதற்கு நாலடி தள்ளி நிற்கும் புல் தண்ணீரையே பார்த்திருக்காது.

ஸ்வாட்டின் பிந்தைய பதிப்புகள் இதைக் கணக்கில் எடுத்தன. நிலத்தின் எவ்வளவு பங்குத் தண்ணீர் பட்டையில் நீர் மிக அதிகமாகக் குவியும் பத்தில் ஒரு பகுதி வழியே போகிறது, அதிலும் எவ்வளவு முழுக்க வாய்க்காலாகவே ஓடிவிடுகிறது என்று இரண்டு எண்களைத் தனித்தனியாகக் கேட்கும். முதலாவதற்கு மென்பொருள் தரும் தொடக்க எண் 0.5. பலரும் அதைத் தொடுவதே இல்லை. சிறுபாலக் குழாய்களையும் அரிப்புத் தடங்களையும் எண்ணி வந்து அந்த எண்ணை மாற்றுங்கள். 30 மீட்டர் கட்டங்கள் கொண்ட இலவச உயர வரைபடத்தில் இந்தத் தடங்கள் தெரியாது. உங்கள் பட்டையே ஒரு கட்டத்துக்குள் மறைந்துவிடும்.

செயற்கைக்கோள் படத்தில் பச்சையாக இருப்பதெல்லாம் வடிகட்டி என்று எடுப்பதும் வழக்கம். உண்ணிச்செடி மண்டிய கரையில் குனிந்து பார்த்தால் மேலே அடர்த்தி, கீழே வெறும் மண். தண்ணீரின் வேகத்தைக் குறைப்பது தரையை ஒட்டியுள்ள தண்டுகளும் சருகும்தான். புல்பட்டைகளுக்கென்றே உள்ள விஎஃப்எஸ்மாட் (VFSMOD) என்ற மாடல் புல் தண்டுகளுக்கு இடையிலுள்ள இடைவெளியைக் கேட்பது இதனால்தான்.

அப்புறம், எல்லா மாசையும் ஒரே மூட்டையாகக் கட்டுவது. பாஸ்பரஸின் பெரும்பங்கு மண்துகளோடு ஒட்டி வரும், வேகம் குறைந்தால் வண்டலோடு படியும். ஆனால் படிந்தது அங்கேயே சேர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்துக்கு மேல் அதே கரை, கரைந்த பாஸ்பரஸை ஓடைக்குத் திருப்பிக் கொடுக்க ஆரம்பிக்கும். இருபது வருடத்துக்கும் ஒரே பிடிப்பு விகிதம் போட்டால் இது தெரியவராது.

நைட்ரேட்டின் கதையே வேறு. அது நீரில் கரைந்து பெரும்பாலும் நிலத்துக்கு அடியில் பயணிக்கும். ஈரமும் மட்கும் உள்ள, ஆக்சிஜன் குறைந்த மண்ணில் நுண்ணுயிர்கள் அதை நைட்ரஜன் வாயுவாக மாற்றும். ஓடை ஆழமாக அறுத்துக்கொண்டு போய், நிலத்தடி நீர் வேர்மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்ட இடத்தில், மேலே எத்தனை மரம் நின்றாலும் அந்த வேலை சரியாக நடக்காது. தரைமேல் ஓட்டத்துக்கான விஎஃப்எஸ்மாடை வைத்து இந்த நைட்ரேட்டைக் கணக்கிட்டால் விடை தப்பாகத்தான் வரும். அடிநீரையும் சேர்த்துப் பார்க்கும் ரெம் (REMM) போன்ற மாடல் வேண்டும், அதற்குத் தரவு நிறையக் கேட்கும்.

மழைக்கு நாள் மொத்தத்தை மட்டும் கொடுப்பதும் போதாது. நாள் முழுக்கப் பெய்த 50 மில்லிமீட்டரும், கோடை இடியோடு ஒரு மணி நேரத்தில் கொட்டிய 50 மில்லிமீட்டரும் கரைக்கு ஒன்றல்ல.

சேலத்துக்குள் திருமணிமுத்தாற்றில் சேரும் சாக்கடையும் சாயக்கழிவும் குழாயிலும் வாய்க்காலிலும் வருபவை. காப்பிப் பழம் அலசிய தண்ணீரைக் குழாய் வைத்து விட்டாலும் அப்படித்தான். கரைச் செடிகள் இவற்றைத் தொடவே போவதில்லை. மாடலில் தனி மூலமாகப் போட்டுவிடுங்கள், கரையின் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கடைசியாக, சரிபார்ப்பு. ஆற்றின் கீழ்முனையில் ஒரே இடத்து அளவீட்டோடு மாடல் பொருந்திவிட்டால் கரையின் பங்கும் சரி என்று ஆகாது. மாடலில் நிலத்தின் உரத்தைக் கூட்டிக் கரையின் பிடிப்பையும் கூட்டினால், கீழே அதே எண் வந்துவிடும். பட்டையின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் மழை நேரத்திலேயே தண்ணீர் பிடிக்க வேண்டும். செறிவோடு, அதாவது ஒரு லிட்டரில் எவ்வளவு மாசு என்பதோடு, ஓடிய நீரின் அளவையும் எடுக்க வேண்டும். நீரில் பாதி மண்ணுக்குள் இறங்கிவிட்டால் செறிவு குறையாமலே ஓடைக்குப் போகும் மொத்த மாசு பாதியாகும். செறிவை மட்டும் பார்ப்பவர், நன்றாக வேலை செய்யும் கரையையும் வீண் என்று எழுதிவிடுவார்.