தக்காளி ஸ்பகெட்டிக்கு விலை கம்மியான ரெட் ஒயின் எப்படி பாத்து வாங்குறது

வேலை முடிஞ்சு வந்து அரை மணி நேரத்துல செய்யுற தக்காளி ஸ்பகெட்டிக்கு காசைக் கொட்டி ஒயின் வாங்கவே வேண்டாங்க, ஆனா கடையில கைக்கு வந்த பாட்டிலை எடுத்துட்டு வந்தீங்கன்னா சாப்பாடும் எடுபடாது ஒயினும் எடுபடாது. விலையை விட முக்கியமா பாக்க வேண்டியது புளிப்பு.

தக்காளி சாஸே புளிப்பு, அதுக்கு ஈடு கொடுக்குற அளவுக்கு ஒயின்லயும் புளிப்பு இருக்கணும், இல்லன்னா ஒரு வாய் பாஸ்தா சாப்ட்டுட்டு குடிக்கும்போது ஒயின் சப்புன்னு ஆயிடும். அடுத்தது துவர்ப்பு. திராட்சைத் தோல்லயும் விதையிலயும் இருந்து வர்ற டானின் நம்ம எச்சில்ல இருக்குற புரதத்தோட ஒட்டிக்கும், பாக்கு மென்னா நாக்கு இழுக்குமே அப்படி இழுக்கும். கூட கறியோ நல்ல கொழுப்போ இருந்தா அந்த துவர்ப்பு அடங்கிடும், வெறும் தக்காளி சாஸ்ல அடக்க ஒண்ணுமே இல்ல. அதனாலதான் எல்லா கடையிலயும் முன்னாடி அடுக்கி வெச்சிருக்குற, துவர்ப்பு ஜாஸ்தியான கபர்னே சாவிஞான் இந்த சாப்பாட்டுக்கு வேண்டாம்னு சொல்றேன், அதை ஸ்டேக் செய்யுற அன்னைக்கு வாங்கிக்கலாம்.

அப்ப எதை வாங்குறது? என் முதல் சாய்ஸ் எப்பவும் பார்பெரா. வடமேற்கு இத்தாலியில பீட்மான்ட் பக்கத்து திராட்சை இது, பரோலோன்னு எக்கச்சக்க விலை சொல்ற ஒயினும் அதே ஏரியாதான், ஆனா அது நெபியோலோ திராட்சை, துவர்ப்பு ஜாஸ்தி. பார்பெராவுல புளிப்பு நல்லா தூக்கலா இருக்கும், துவர்ப்பு கம்மி, தக்காளிக்குன்னே அளவெடுத்து செஞ்ச பொருத்தம். லேபிள்ல பார்பெரா டி ஆஸ்தி, பார்பெரா டி ஆல்பான்னு போட்டிருப்பாங்க, ரெண்டுல எது விலை கம்மியோ அதையே எடுங்க.

அது கிடைக்கலன்னா சாதாரண கியான்டி, மத்திய இத்தாலியில டஸ்கனி பக்கத்து ஒயின். அதுல குறைஞ்சது 70 சதவீதம் சாஞ்சோவேசே திராட்சை இருக்கணும்னு விதி, அதுவும் புளிப்பான திராட்சைதான், துவர்ப்பு மட்டும் பார்பெராவை விட கொஞ்சம் கூட. கறுப்பு சேவல் முத்திரை போட்டது கியான்டி கிளாசிகோ, விலை ஏறும், வார நாளைக்கு அது தேவையில்ல. இன்னொண்ணு மோன்டேபுல்சானோ டி அப்ரூட்சோ, பழ வாசனையோட கொஞ்சம் கனமா இருக்கும், சாஸ்ல சாசேஜ் இல்ல மீட்பால் போட்டா இதைத்தான் எடுப்பேன். வீனோ நோபிலே டி மோன்டேபுல்சானோன்னு கிட்டத்தட்ட இதே பேர்ல இன்னொரு பாட்டில் இருக்கும், அது டஸ்கனி ஊர் ஒண்ணோட ஒயின், திராட்சையே வேற, விலையும் வேற, அவசரத்துல அதை எடுத்துராதீங்க. ஸ்க்ரூ மூடி போட்டிருக்கேன்னு யோசிக்காதீங்க, சீக்கிரம் குடிச்சு முடிக்குற ஒயினுக்கு அதுதான் வசதி.

சமையல்லயும் ஒயினை மனசுல வெச்சுக்கணும். ரெண்டு பேருக்கு 200 கிராம் ஸ்பகெட்டி, 400 கிராம் டின் தக்காளி ஒண்ணு, ஆலிவ் ஆயில்ல ரெண்டு பல் பூண்டை கருக விடாம வதக்கி தக்காளியைப் போட்டு 20 நிமிஷம் சின்ன தீயில கொதிக்க விடுங்க. புளிப்பை குறைக்குறேன்னு சர்க்கரை போடுவாங்க பாருங்க, அதை மட்டும் செய்யாதீங்க, சாப்பாட்டுல இனிப்பு ஏறுனா ஒயின் அதுக்கு மேல புளிச்சு கசக்கும். புளிப்பு குத்துதுன்னா கடைசியில ஒரு துண்டு வெண்ணெய் போதும். உப்பு சரியா போடுங்க, மேல பார்மேசான் சீஸ் தாராளமா துருவுங்க, அந்த உப்பும் கொழுப்பும் சேர்ந்து ஒயினை மெத்துன்னு ஆக்கிடும்.

மிளகாய் போட்டு அராபியாத்தா செய்யுறதா இருந்தா லேபிள்ல ஆல்கஹால் எவ்வளவுன்னு பாருங்க, 14.5 சதவீதம் எல்லாம் வேண்டாம், ஆல்கஹால் ஏற ஏற காரம் இன்னும் எரியும், 12.5ல இருந்து 13க்குள்ள இருந்தா சரி. சாஸ்ல டூனா, மத்தி போட்டா ரெட்டையே விட்டுருங்க, வாயில ஒரு இரும்பு வாடை தங்கும், அன்னைக்கு வெள்ளை ஒயின்தான்.

ரெட்னா ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்னு சொல்றது குளிர் ஊர் பழக்கம், 30 டிகிரி அடிக்குற கிச்சன்ல வெச்ச ஒயின்ல ஆல்கஹால் நெடிதான் முன்னாடி வரும். சாப்பிடுறதுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடியே பாட்டிலை ஃப்ரிட்ஜ்ல வெச்சுருங்க, சுமார் 16 டிகிரிக்கு வந்தா போதும். விலை கம்மி ஒயின்ல இது பண்ற வித்தியாசம் நிஜமாவே பெருசு.

750 மில்லியையும் அன்னைக்கே முடிக்கணும்னு இல்ல, மூடி போட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சா மூணு நாள் வரை நல்லாருக்கும், அதுக்கு மேல குடிக்காம அடுத்த தடவை கீமா சாஸ் வதக்கும்போது அரை கிளாஸ் ஊத்தி நல்லா சுண்ட விட்டு அப்புறம் தக்காளியை சேருங்க.