பால் விடாத குழம்புதான் பிரீசருக்கு

காலை ஏழு மணிக்குள் இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பி, நானும் வேலைக்கு ஓட வேண்டும். பின்னேரம் களைத்து வந்தால் கடைக் கொத்து ரொட்டிதான். மாதக் கடைசியில் காசு கையைக் கடித்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் சமைத்து பிரீசரில் வைக்கத் தொடங்கினேன்.

முதல் வாரமே பிழைத்துவிட்டது. கோழிக்கறியைச் சூடாக்கியபோது தேங்காய்ப்பால் திரிந்து, எண்ணெய் வேறு தண்ணீர் வேறாக நின்றது. உருளைக்கிழங்கு மாவாய் உதிர்ந்தது. சரியான கவலை எனக்கு.

இப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வெங்காயம், தக்காளி மலிந்த நாளில் கூடுதலாக வாங்குவேன். வெந்தயம், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை தாளித்து, எங்கள் கறித்தூள் போட்டு, எண்ணெய் மேலே மிதக்கும்வரை வதக்கி எடுப்பேன். இந்தக் குழம்பில் பாலும் கிழங்கும் இல்லை. நன்றாக ஆறியதும் பையில் ஒரு விரல் தடிப்பில் தட்டையாகப் பரப்பி, திகதி எழுதி, கொப்பி அடுக்குவதுபோல அடுக்கிவிடுவேன். தட்டையாக இருந்தால் கெதியாக இளகும்.

முதல் நாள் இரவே ஒரு பையை பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். பின்னேரம் அதில் கத்தரிக்காயோ கோழியோ அவியவிட்டு, பாலைக் கடைசியில் விட்டு இறக்குவேன். கரண்ட் நின்று பை முழுதாக இளகிவிட்டால் திரும்ப உறையவிட மாட்டேன், அன்றே சமைத்துவிடுவேன்.