உதட்டைக் காட்டிவிட்டுக் காதைச் சோதிக்காதீர்கள்

காது கேட்கும் கருவி போட்ட குழந்தைகளுடன் வேலை செய்யப் புதிதாக வருகிறவர்களைப் பார்க்கிறேன், அந்தக் காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகள்தான் மாறாமல் வருகின்றன. பேட்டரி தீர்ந்ததைக் கவனிக்காதது மாதிரி விஷயங்களை விட்டுவிடுகிறேன், அதெல்லாம் போகப் போகத் தானாகச் சரியாகிவிடும்.

முகத்தைக் காட்டிக்கொண்டே சோதிப்பது

ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்ற ஒலிகளைச் சொல்லி, கருவியில் கேட்கிறதா என்று பார்க்கும் லிங்கின் ஆறு ஒலிச் சோதனையைக் குழந்தைக்கு எதிரே உட்கார்ந்து செய்துவிட்டு, 'ஆறும் கேட்கிறது' என்று எழுதிவிடுகிறார்கள். இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். ஊ-வுக்கு உதடு குவிகிறது, ஈ-க்கு விரிகிறது, ம் சொன்னால் மூடுகிறது. கேட்காத குழந்தையும் பார்த்தே சொல்லிவிடும். அப்படித் தேறிய ஒரு நாலு வயதுப் பையனுக்கு, கருவி போட்ட காதுப் பக்கம் சற்றுப் பின்னால் உட்கார்ந்து சொல்லிப் பார்த்தேன். ஸ், ஷ் இரண்டுக்கும் அசையவே இல்லை. கருவியின் ஒலியைக் காதுக்குள் கொண்டுபோகும் காது அச்சின் குழாயில் ஈரம் கோத்திருந்தது. "கூப்பிட்டா திரும்புறானே மேடம்" என்றார் அம்மா. அவர் எப்போதும் அவன் கண்ணெதிரே நின்றுதான் கூப்பிட்டிருக்கிறார். பேச்சு வளர வேண்டிய வயதில் எத்தனை நாள் இப்படிப் போனதோ!

மூளை கண்ணையும் காதையும் சேர்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறது. 'பாடு', 'மாடு' இரண்டையும் கண்ணாடி முன் சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள், வித்தியாசமே தெரியாது. அதைக் காதுதான் பிரிக்க வேண்டும். 'மாடு', 'நாடு' என்றால் இரைச்சலில் காது தடுமாறும், உதடு மூடியதா இல்லையா என்று கண் சொல்லிவிடும். 1976-ல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்ற ஆய்வாளர்கள் 'பா' என்ற ஒலியை, 'கா' சொல்லும் வாயோடு சேர்த்துக் காட்டினார்கள். பெரியவர்களில் பெரும்பாலோருக்கு 'தா' என்று கேட்டது, கண்ணை மூடினால் 'பா'! எது காது கொடுத்தது, எது கண் கொடுத்தது என்று கேட்பவருக்கே தெரியாதபோது, எதிரே உட்கார்ந்திருக்கும் நமக்கு எப்படித் தெரியும்?

கையால் வாயைப் பொத்துவது

ஸ், ஷ் போன்ற மெல்லிய ஒலிகள் கையிலேயே அடங்கிவிடும். எம்பிராய்டரி வளையத்தில், ஒலியைத் தடுக்காத ஸ்பீக்கர் துணியை மாட்டி வாய்க்கு முன்னால் பிடியுங்கள்.

ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காருவது

முகம் இருட்டாகிவிடும். இடத்தை மாற்றுங்கள்.

கத்துவது, வாயை இழுத்து இழுத்துப் பேசுவது

வேண்டாம்.

நாள் முழுக்க வாயை மறைப்பது

சிலர் இதையெல்லாம் கேட்டுவிட்டு எந்நேரமும் உதட்டை மறைத்தே பேசுகிறார்கள். மறைப்பது சோதனைக்கும் கேட்கும் பயிற்சிக்கும் மட்டும்தான். சுற்றிலும் இரைச்சல் கூடக்கூட, பேசுகிறவர் முகம் தெரிவதன் பலனும் கூடும் என்று சம்பி, பொல்லாக் என்ற ஆய்வாளர்கள் 1954-லேயே காட்டிவிட்டார்கள். அதனால் ஃபேன் ஓடும் வகுப்பில் குழந்தையை முன்வரிசையில் உட்காரவைக்கச் சொல்லுங்கள், அப்புறம், போர்டைப் பார்த்தபடியே பாடம் நடத்த வேண்டாம் என்று ஆசிரியரிடமும் சொல்லிவிடுங்கள்.