பிளாப் பாஸானால் போதுமா? பிரிட்டனில் ஸ்பெஷலிஸ்ட் ஆக நினைப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

பிளாப் என்பது வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படித்தவர்கள் பிரிட்டனில் டாக்டராகப் பதிவு பெற எழுதும் தேர்வு. அதன் முதல் பகுதியைச் சென்னையிலேயே எழுதிவிடலாம். மூன்று மணி நேரம், 180 கேள்விகள், எல்லாமே விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. நீட் பிஜிக்குப் படித்தவர்களுக்கு இது பெரிய மலையில்லை. அதனால்தானோ என்னவோ, இதைத் தாண்டினால் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பிளாப் தருவது ஜி.எம்.சி. என்கிற பிரிட்டன் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்வதற்கான தகுதி மட்டும்தான். பதிவு வேறு, வேலை வேறு, ஸ்பெஷலிஸ்ட் ஆவதற்கான டிரெய்னிங் இடம் வேறு.

இந்த வித்தியாசம் முன்பு அவ்வளவு உறுத்தவில்லை. இப்போது நிலைமை மாறிவிட்டது. 2025இல் சுமார் 10,000 டிரெய்னிங் இடங்களுக்கு 30,000 பேருக்கு மேல் போட்டியிட்டார்கள். அந்த ஆண்டு ஜூலையில் வந்த பத்தாண்டு சுகாதாரத் திட்டம், பிரிட்டனில் படித்தவர்களுக்கும் என்.எச்.எஸ். என்கிற அரசு மருத்துவச் சேவையில் கணிசமான காலம் வேலை செய்தவர்களுக்கும் முன்னுரிமை என்று வெளிப்படையாகவே சொன்னது. 2026 ஜனவரியில் அதற்கான மசோதாவும் நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஆகவே ஐந்து வருடம் முன்னால் போன சீனியரின் அனுபவத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அவர் போன பாதை இன்று அதே பாதை இல்லை. டிரெய்னிங் அல்லாத சாதாரண வேலைக்கே நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் குவிகிறது.

இந்த நிலையில் இங்கே பார்க்கும் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து தேர்வுக்குப் படிப்பதுதான், என் பார்வையில், எல்லாவற்றிலும் பெரிய தவறு. இரண்டு வருட இடைவெளி விழுந்தால் அதற்கு விளக்கம் சொல்லியே களைத்துப் போவீர்கள். அதோடு, டிரெய்னிங்கின் முதல் படிக்கு விண்ணப்பிக்கும் வெளிநாட்டு டாக்டர்களிடம் பொதுவாக, அடிப்படைத் திறமைகள் இருப்பதைச் சான்றளிக்கும் 'கிரெஸ்ட்' படிவம் கேட்பார்கள். கடந்த மூன்றரை ஆண்டுக்குள் உங்களைக் குறைந்தது மூன்று மாதம் நேரில் மேற்பார்த்த கன்சல்டன்ட் அதில் கையெழுத்திட வேண்டும். அவர் இங்கே இருக்கும் கன்சல்டன்டாகவும் இருக்கலாம். ஹவுஸ் சர்ஜன் காலத்துக்குப் பிறகு 12 மாத அனுபவமும் தேவை. தெரிந்தவர், மாமாவின் நண்பர் என்று யாரிடமாவது கையெழுத்து வாங்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது வேலையைத் தொலைக்கும் வழி மட்டுமல்ல, பதிவையே தொலைக்கும் வழி.

பிளாப் இரண்டாம் பகுதி, நோயாளியாக நடிப்பவரிடம் பேசிக் காட்டும் செய்முறைத் தேர்வு, மான்செஸ்டரில் மட்டும்தான் நடக்கிறது. விமானக் கட்டணம், தங்குமிடம் என்று பார்த்தால் தோற்பதற்கு ரொம்ப விலை அதிகமான தேர்வு. நம்மவர்கள் அதில் தடுமாறுவது பெரும்பாலும் மருத்துவ அறிவில் இல்லை, பேச்சில். இங்கே புற்றுநோய் என்று தெரிந்தால் கூட வந்த மகனைத் தனியே அழைத்துச் சொல்லிப் பழகியிருக்கிறோம். அங்கே நோயாளியிடம்தான் சொல்ல வேண்டும், அவருக்கு என்ன பயம், என்ன எதிர்பார்ப்பு என்று முதலில் கேட்டுவிட்டு. மனப்பாடம் செய்த ஆறுதல் வரிகளைத் தேர்வு நடத்துபவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அப்புறம் எம்.ஆர்.சி.பி., பிரிட்டனின் ராயல் கல்லூரிகள் நடத்தும் பொது மருத்துவத் தேர்வு. அதை முடித்துவிட்டால் ஸ்பெஷலிஸ்ட் என்று ஊரில் போர்டு மாட்டுகிறார்கள், சரி. பிரிட்டனில் அது நடுவில் வரும் ஒரு படி. அங்கே ஸ்பெஷலிஸ்ட் பட்டியலில் பெயர் ஏற, முழு டிரெய்னிங்கையும் முடித்து சி.சி.டி. என்கிற நிறைவுச் சான்றிதழ் வாங்க வேண்டும், அல்லது அதற்குச் சமமான அறிவும் அனுபவமும் இருப்பதை ஆவணங்களால் நிரூபிக்க வேண்டும். 2023 வரை சீசர் என்று சொன்ன அந்த வழிக்கு இப்போது போர்ட்ஃபோலியோ வழி என்று பெயர். வெளிநாட்டு டாக்டர்களுக்கான தற்காலிகப் பயிற்சித் திட்டமான எம்.டி.ஐ.யையும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பிளாப் இல்லாமல் போகலாம் என்பது உண்மைதான், ஆனால் அதிகபட்சம் 24 மாதம், பிறகு ஊர் திரும்ப வேண்டும் என்ற ஏற்பாடு அது. எம்.டி. முடித்துவிட்டு அனுபவத்துக்காகப் போகிறவருக்கு நல்லது, அங்கேயே நிலைக்க நினைப்பவருக்கு இல்லை.

ஆங்கிலத் தேர்வை அவசரப்பட்டு ரொம்ப முன்னாலேயே எழுதி வைப்பதும் சிக்கல்தான். ஐ.ஈ.எல்.டி.எஸ்.ஸில் ஒரே முயற்சியில் மொத்தம் 7.5, ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 7 வேண்டும். அந்த மதிப்பெண்ணுக்குப் பொதுவாக இரண்டு ஆண்டுதான் ஆயுள். பதிவுக்கு விண்ணப்பிக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித் தேதி குறியுங்கள்.

கடைசியாக, இனிஷியல். எம்.பி.பி.எஸ். சான்றிதழில் வெறும் 'ஆர்.' என்றும் பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் என்றும் இருக்கும். நமக்கு அது ஒரே ஆள். சான்றிதழைச் சரிபார்ப்பவருக்கு அப்படித் தெரியாது, விளக்கம் கேட்டால் வாரக்கணக்கில் இழுக்கும். தேர்வுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.